பழைய மடிக்கணினியும் புதிய மொடலும்: ஆடம் ஒஸ்போர்ன் முதல் இன்று வரை

புதுப்பிக்கப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றை வாங்குவதா, கூடுதலாகப் பணம் செலவிட்டுப் புதிய மொடலையே வாங்குவதா என்ற கேள்வியைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளின் பெற்றோர் முதல் பத்திரிகை அலுவலகங்களின் இளம் நிருபர்கள் வரை பலரும் கேட்கின்றனர். 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியபோது, இலங்கையில் இக்கேள்வி குடும்பத்தின் வரவு செலவோடு நேரடியாகப் பிணைந்துகொண்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியதும் அது மேலும் சிக்கலாகியது. கடைக்காரரைக் கேட்டால், அவரிடம் எது இருப்பில் உள்ளதோ அதுவே சிறந்தது என்பார்.

உண்மையில், தூக்கிச் செல்லக்கூடிய கணினி சந்தைக்கு வந்த நாளிலிருந்தே இக்கேள்வியும் அதனுடன் வந்துவிட்டது. அந்தக் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் தமிழ் மண்ணில் சிறுவயதைக் கழித்தவர் என்பதைப் பலர் அறியார்.

ஆடம் ஒஸ்போர்ன் 1939இல் பாங்கொக்கில் பிறந்தவர். அங்கு பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த அவரது தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டிருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். ரமண மகரிஷி பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதியவரும் பின்னர் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' சஞ்சிகையைத் தொடக்கியவரும் இதே ஆர்தர் ஒஸ்போர்ன்தான். கொடைக்கானல் கன்னியர் மடப் பாடசாலையில் படித்த ஆடம், பதினொரு வயதளவில் இங்கிலாந்துக்குச் சென்றார். பிற்காலத்தில் அமெரிக்காவில் இரசாயனப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணினி பற்றிய நூல்களை எழுதியும் பதிப்பித்தும் பெயர் பெற்ற அவர், தமது பதிப்பகத்தை விற்றபின் கணினித் தயாரிப்பில் இறங்கினார்.

1981 ஏப்ரலில் கலிபோர்னியாவில் அவர் அறிமுகம் செய்த ஒஸ்போர்ன் 1, இன்றைய கண்ணுக்கு வேடிக்கையானது. தையல் இயந்திரப் பெட்டியின் பருமன். எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரை வெறும் 5 அங்குலம். நினைவகம் 64 கிலோபைற். உள்ளே மின்கலம் கிடையாது. சுமந்து சென்று, மின் இணைப்பு உள்ள இடத்தில் வைத்துத்தான் இயக்க வேண்டும். ஆயினும் விலை 1,795 டொலர் மாத்திரமே. அதனுடன் வேர்ட்ஸ்டார், சூப்பர்கல்க் முதலிய மென்பொருள்களும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. அவற்றைத் தனித்தனியே வாங்கப் புறப்பட்டிருந்தால் கணினியின் விலையை அண்மித்த தொகை செலவாகியிருக்கும். விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதமொன்றுக்குப் பத்தாயிரம் கணினிகள் போயின.

பின்னர் வந்தது 1983. ஒஸ்போர்ன் எக்சிகியூட்டிவ் என்ற அடுத்த மொடல் பற்றி, அது கடைகளுக்கு வருவதற்கு முன்னரே ஆடம் ஒஸ்போர்ன் பேசத் தொடங்கினார். திரை 7 அங்குலமாகும், நினைவகம் இரட்டிப்பாகும் என்ற செய்தி பரவியது. 'புதியது வருகிறதாம், பொறுப்போம்' என்று வாடிக்கையாளர் கைகளைக் கட்டிக்கொண்டனர். பழைய கணினிகள் களஞ்சியத்தில் தேங்கின. அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. புதிய மொடலை முன்கூட்டியே அறிவித்துப் பழையதன் விற்பனையைத் தாமே கெடுத்துக்கொள்வதற்கு 'ஒஸ்போர்ன் விளைவு' என்று வணிக உலகு பெயர் சூட்டியது.

இக்கதை பாடநூல்களில் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களிலேயே சிலர் பிற்காலத்தில் இந்த விளக்கத்தை மறுத்திருக்கின்றனர். பலரும் கவனிக்கத் தவறும் திகதி 1981 ஆகஸ்ட். ஒஸ்போர்ன் 1 வெளிவந்து நான்கு மாதங்களில் ஐபிஎம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. மென்பொருள் எழுதுவோர் படிப்படியாக அதன் பக்கம் சாய்ந்தனர். 1983இல் ஐபிஎம் மென்பொருள்களை இயக்கும் கொம்பாக் நிறுவனத்தின் தூக்கு கணினி கடைகளுக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 3,000 டொலர். எடையோ ஒஸ்போர்னைவிடவும் அதிகம். இருந்தும் விற்றது. ஒஸ்போர்ன் நம்பியிருந்த சிபிஎம் இயங்குதளம் பின்தள்ளப்பட்டது. புதிய எக்சிகியூட்டிவ் மொடலும் அதே சிபிஎம்மில்தான் இயங்கியது. புத்தம் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டபோதே அது பழைய கணினி.

தயாரித்த ஆண்டைக் கொண்டு ஒரு கணினியின் வயதைக் கணிக்க முடியாது என்று நான் கூறுவது இதனால்தான். அடுத்த சில ஆண்டுகளுக்கு எந்த மென்பொருள் அதில் ஓடும் என்பதே அதன் எஞ்சிய ஆயுள்.

தமிழில் எழுதுபவர்கள் இதை அனுபவத்தால் அறிவர். 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். அதே எழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தபோதிலும், தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் காட்டும் வசதியை லதா எழுத்துருவுடன் தந்த முதல் விண்டோஸ் 2000ஆம் ஆண்டில் வந்ததே. விண்டோஸ் 98 கணினிகள் பழுதில்லாமல் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றில் ஒருங்குறித் தமிழ், கொம்பு ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாகச் சிதறியோ, வெறும் கட்டங்களாகவோ தோன்றியது. எக்ஸ்பியிலும் சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை இறுவட்டிலிருந்து தனியாக நிறுவ வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியவருக்கு நல்ல நிலையில் இருந்த அதே பழைய கணினி, தமிழில் எழுதியவருக்குக் காலாவதியாகியிருந்தது.

இப்போது இன்றைய கேள்விக்கு வருவோம். 2021 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் ஆயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017இன் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கியவை. ஆகவே ஏழாம் தலைமுறைச் செயலி கொண்ட மடிக்கணினியும் எட்டாம் தலைமுறைச் செயலி கொண்டதும் கடையில் அருகருகே, ஒரே பளபளப்புடன் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 'கோர் ஐ5' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். அதன் பின்னால் வரும் இலக்கத்தைக் கேட்டறிய வேண்டும்.

அதற்காகப் புதியதெல்லாம் மேலானது என்றும் நான் சொல்லவில்லை. புதுப்பிக்கப்பட்டவையாக நம்மிடம் வருபவற்றில் கணிசமானவை பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கைமாற்றிய திங்பேட், லற்றிடியூட் வகைக் கணினிகள். அலுவலகப் பாவனைக்கென உறுதியாகச் செய்யப்பட்ட அவற்றில் பலவற்றின் அடிப்பகுதியைத் திறந்து நினைவகத்தைக் கூட்டலாம், சேமிப்பகத்தை மாற்றலாம். மெல்லிய மடிக்கணினிகளின் போக்கு வேறு. அப்பிளின் மக்புக் எயார் 2008இலும், ரெட்டினா திரையுடனான மக்புக் புரோ 2012இலும் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே ஒட்டவைத்து வந்தன. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. குறைந்த விலைப் புதிய மடிக்கணினி ஒன்றில் நினைவகம் 4 அல்லது 8 கிகாபைற்றுடன் இவ்வாறு பொருத்தப்பட்டிருந்தால், வாங்கிய நாளின் கொள்ளளவே அதன் இறுதிக் கொள்ளளவு.

இங்கு ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். 'புதுப்பிக்கப்பட்டது' என்பது ஒருவர் பாவித்ததைத் துடைத்துவிட்டு விற்பது அல்ல. சோதித்து, பழுதான பாகங்களை மாற்றி, உத்தரவாதத்துடன் விற்பதே அது. உத்தரவாதத்தை எழுத்தில் தராத கடையில் அச்சொல்லுக்குப் பொருளில்லை. மின்கலத்தின் ஆரம்பக் கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு ஏற்றம் பிடிக்கிறது என்பதைக் கணினியே அறிக்கையாகத் தரும். அதைக் காட்டச் சொல்லலாம். தயங்கும் கடைக்காரரிடம் நான் வாங்கமாட்டேன்.

என் கணிப்பில், எழுத்து, படிப்பு, இணையம் என்ற அளவில் பாவிப்பவருக்கு, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் 16 கிகாபைற் நினைவகமும் கொண்ட புதுப்பிக்கப்பட்ட அலுவலகக் கணினி, அதே விலையில் கிடைக்கும் மலிவான புதியதைவிடப் பொருத்தமானது. காணொளி தொகுப்பவரும், நாள் முழுவதும் மின் இணைப்பின்றி வெளியில் பணியாற்றுபவரும் புதியதற்குச் செலவிடுவதில் நியாயம் உண்டு. எட்டாம் தலைமுறைக்கு முந்தியதொன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையும் வீச வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தைப் பணம் கொடுக்காமலே நிறுவலாம். ஒருங்குறித் தமிழ் அதில் கொம்பும் காலும் பிசகாமல் தெரிகிறது.