ஒலுவில் கரையின் கணக்கு

வாப்பாவுக்குக் கரைவலைத் தொழில். வலை வளைக்குமுன் ஈரமணலை மிதித்துப் பார்ப்பார். "மணல் வடக்கே போய்க்கிட்டே இரிக்கும் மனே, மறிச்சா கடல் ஊருக்குள்ள வரும்" என்பார். அந்தப் பேச்சின் கனம் எனக்கு விளங்க அரை நூற்றாண்டு சென்றது.

நான் வரலாறு படிப்பித்தவன். 'அபிவிருத்தி' எங்கள் பக்கம் வந்த ஆண்டு 1949 என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்த ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி தருவதாகப் பதவியேற்பு உரையில் அறிவித்தார். அதே ஆண்டில் இலங்கைப் பிரதமர் டி.எஸ்.சேனாநாயக்காவின் அரசு கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அணைக்குக் கீழே குடியேற்றங்கள் எழுந்தன. 1956 இனக் கலவரத்தில் அங்கே இரத்தம் சிந்தியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது கச்சேரியும் கடலோரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளியே அமைந்தது. கடலோரத்து ஊர்கள் எதற்கும் பஸ் ஏறிப் போகவேண்டியதாயிற்று.

அதனால்தான் 1994இல் துறைமுக அமைச்சரான எம்.எச்.எம்.அஷ்ரப் துறைமுகம் கட்ட எங்கள் ஒலுவிலைக் கைகாட்டியபோது ஊரே மகிழ்ந்தது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வித்து விழுந்தது. துறைமுகத்தைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தானார்.

2008இல் வேலை தொடங்கி, 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. பணம் டென்மார்க் வழியாக வந்த கடன், ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ. அதற்குக் 'கலப்புக் கடன்' என்று பெயர். கடன் கொடுக்கும் நாடு வட்டியைச் சுமக்கும்; வேலை அந்த நாட்டுக் கம்பனிக்குப் போகும்; முதலை நாம் திருப்பிக் கட்டவேண்டும். ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் செய்த உதவியில் கணிசமான பகுதி இப்படிக் கட்டுப்போட்டு வந்ததுதான்.

கடலுக்குள் நீண்ட கல்லணைகள் தெற்கிலிருந்து வந்த மணலை மறித்தன. துறைமுக வாய் தூர்ந்தது. படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் மணல் தோண்டவேண்டியதாயிற்று. வடக்குக் கரைக்கு மணல் போகாததால் கடல் தென்னந்தோப்புகளைத் தின்றது. துறைமுகத்துக்குக் காணி கொடுத்த குடும்பங்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தன.

எனக்குத் துறைமுகம் வேண்டாம் என்ற எண்ணம் என்றும் இருந்ததில்லை. நாங்கள் கேட்டுப் பெற்றது அது. ஆனால், கடனுக்குப் பொறுப்பேற்க ஒரு அரசு இருந்தது. தவணையும் தேதியும் ஒப்பந்தத்தில் இருந்தன. கரைக்குப் பொறுப்பேற்க எவரும் இருக்கவில்லை. உலகத்து ஏற்றத்தாழ்வு என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது இதைத்தான்.

அஸர் தொழுதுவிட்டு வடக்கே நடப்பேன். எங்கள் தோப்புக் கிணற்றின் சீமெந்து வளையங்கள் அலைக்குள் தனியே நிற்கின்றன. மண் முழுக்கப் போய்விட்டது. வாப்பா வலை இழுத்துவிட்டு வந்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் உப்புக் கழுவுவார்.