காசும் காத்திருப்பும்

வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் மனத்தில் எழும் கேள்விகள் இரண்டு. "பிழைப்பாரா?" என்பது ஒன்று. "எவ்வளவு செலவாகும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியை வாய்விட்டுக் கேட்போம். இரண்டாவதை நெஞ்சுக்குள்ளேயே போட்டுக் குமைவோம். அந்த இரண்டாவது கேள்வியை ஒரு தேசத்து ஜனங்களின் மனத்திலிருந்தே அகற்றிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் ஒருவர் பிரிட்டனில் இருந்தார். அவர் பெயர் அனைரின் பெவன்.

தெற்கு வேல்ஸில் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊரில் 1897-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு முடியுமுன்பே, பதின்மூன்று பிராயத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். தகப்பனாரும் சுரங்கத் தொழிலாளிதான். கரித்தூசி நுரையீரலில் படிந்து, 1925-இல் மகனின் கைகளிலேயே அவர் உயிர் பிரிந்தது. தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் அந்த நோய் அப்போது இடம்பெறவில்லை. ஆகவே குடும்பத்துக்கு நஷ்ட ஈடாக ஒரு காசும் கிடைக்கவில்லை.

அதே ஊரில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. தொழிலாளிகள் வாரக் கூலியில் சில காசுகளைப் போட்டு ஒரு வைத்திய உதவிச் சங்கம் நடத்தி வந்தார்கள். நோய் வந்தால் டாக்டரும் மருந்தும் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. ஏ. ஜே. குரோனின் அங்கே டாக்டராக வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தை வைத்துத்தான் 'தி சிட்டடல்' என்ற நாவலை 1937-இல் எழுதினார். அதைப் படித்த நடுத்தர வர்க்கத்தார், தங்கள் நாட்டு வைத்திய முறையின் அலங்கோலத்தைக் கண்டு திடுக்கிட்டார்கள். நாவல் படிப்பது வீண் பொழுது என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்தச் செய்தியைக் காணிக்கையாக்கலாம்.

யுத்தம் முடிந்து தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் பெவன் சுகாதார மந்திரியானார். ட்ரெடிகரில் கண்டதைத் தேசம் முழுவதற்கும் விரிக்கப் பார்த்தார். டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? 1948 பிப்ரவரியில் அவர்கள் சங்கம் வாக்கெடுத்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் "வேண்டாம்" என்றார்கள். "வேண்டும்" என்றவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. பெவன் சிலரிடம் விட்டுக்கொடுத்தார், சிலரிடம் பிடிவாதம் பிடித்தார். பெரிய நிபுணர்கள் சொந்தத் தொழிலையும் நடத்திக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தார். கடைசியில் 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசீய சுகாதார சேவை பிறந்துவிட்டது. அன்று மான்செஸ்டருக்கு அருகே பார்க் ஆஸ்பத்திரியில் பெவன் கைகுலுக்கிய முதல் நோயாளி பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். கதவு திறந்ததும் கூட்டம் அலை மோதியது. முதல் வருஷத்தில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. இலவசம் என்றதும் ஜனங்கள் பாய்ந்துவிட்டார்கள் என்று சிலர் பரிகாசம் செய்தார்கள். அதுவரையில் கடையில் குவித்து வைத்திருக்கும் மலிவுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு, பாதிப் பார்வையோடு காலம் தள்ளியவர்கள் அவர்கள். அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? பல வருஷங்களாக அடக்கி வைத்திருந்த வலி அன்று வாய் திறந்தது, அவ்வளவுதான்.

கஜானா மட்டும் கலங்கியது. 1951-இல் கொரியா யுத்தத்துக்காக ஆயுதச் செலவு ஏறியபோது, பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை வாங்குவதென்று நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் முடிவு செய்தார். பெவன் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். அவரோடு ராஜிநாமா செய்தவர்களில் ஹரால்டு வில்சன் என்ற இளம் மந்திரியும் ஒருவர். அடுத்த ஆண்டு கன்சர்வேடிவ் சர்க்கார் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் விதித்தது. பின்னர் பிரதம மந்திரியான வில்சன் 1965-இல் அதை ரத்து செய்தார். பணமுடை வந்ததும் 1968-இல் அவரே திரும்பக் கொண்டுவந்தார். 1960-இலேயே காலமாகிவிட்ட பெவன் இந்தக் காட்சியைக் காணவில்லை. கொள்கை வேறு, கணக்குப் புத்தகம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல கதையை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்ய முடியாது.

"இந்தச் சேவை நாட்டையே தின்றுவிடும்" என்ற கூக்குரல் அப்போதே எழுந்தது. உண்மையை அறிய 1953-இல் கில்லபாடு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். ஊதாரித்தனத்தை அம்பலப்படுத்தும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 1956-இல் வெளிவந்த அறிக்கையோ, தேச வருமானத்தில் இந்தச் செலவின் பங்கு சற்றுக் குறைந்தே இருக்கிறது என்றது. கட்டடங்களுக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை என்றும் கூறியது. விக்டோரியா மகாராணி காலத்துச் சுவர்களுக்குள் புதிய லட்சியத்தைக் குடிவைத்திருந்தார்கள்!

ஆள் பற்றாக்குறையை யார் தீர்த்தார்கள்? கரீபியன் தீவுகளிலிருந்து நர்ஸுகள் வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டாக்டர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. உள்நாட்டு டாக்டர்கள் போக விரும்பாத தொழில் நகரங்களிலும், பெவன் பிறந்ததைப் போன்ற சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் பலர் ஆயுள் முழுவதும் வைத்தியம் பார்த்தார்கள்.

இப்போது அந்த ஜனங்களின் மனநிலை என்ன? 2012-இல் லண்டன் ஒலிம்பிக் துவக்க விழாவில் நர்ஸுகளை ஆடவிட்டுத் தங்கள் சுகாதார சேவையை உலகத்துக்குக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று கை தட்டினார்கள். இரண்டே வருஷம் சென்றது. 2022 டிசம்பரில் நர்ஸுகள் சம்பளம் போதவில்லை என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கை தட்டலை வைத்து வாடகை கொடுக்க முடியாதல்லவா? 2023-இல் இங்கிலாந்தில் முறை வருவதற்காகக் காத்திருந்த சிகிச்சைகளின் எண்ணிக்கை 77 லட்சத்தைத் தாண்டியது. காலை எட்டு மணிக்கு டாக்டரின் டெலிபோனுக்காக மன்றாடுவதும், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியிலேயே கிழவர்கள் இரவைக் கழிப்பதும் சகஜமாகிவிட்டன.

கோபம் வராமல் இருக்குமா? பிரிட்டிஷ் மக்களின் மனப்போக்கை ஆண்டுதோறும் அளக்கும் ஆய்வில், 2010-இல் நூற்றுக்கு எழுபது பேர் இந்தச் சேவையில் திருப்தி என்றார்கள். 2024-இல் அப்படிச் சொன்னவர்கள் இருபத்தொரு பேர்தான். ஆனால் வைத்தியம் இலவசமாகவே இருக்க வேண்டுமா என்று அதே ஜனங்களைக் கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் "ஆம்" என்கிறார்கள்!

இதை முரண்பாடு என்று சொல்வதற்கில்லை. நோய்க்குக் காசு வாங்கவில்லை என்றால் அதன் விலை காத்திருப்பாக மாறுகிறது. காத்திருப்பில் ஒரு நியாயம் உண்டு: சீமானும் கூலிக்காரனும் ஒரே வரிசை. அந்த நியாயத்துக்காக அவர்கள் பொறுமையாக நின்றார்கள். ஆனால் வரிசை அளவுக்கு மீறி நீண்டால் என்ன ஆகும்? பணம் உள்ளவர் நழுவித் தனியார் வைத்தியத்துக்குப் போய்விடுவார். எஞ்சி நிற்பவர் ஏழை. ஏழைகள் மட்டும் நிற்கும் வரிசையைப் பற்றி எந்த சர்க்கார் கவலைப்பட்டிருக்கிறது?

ஆகவே திட்டிக்கொண்டே வரிசையில் நிற்கும் அந்த நடுத்தர மனிதரை நான் மதிக்கிறேன். தாமதத்தைக் கண்டு கொதிக்கிறார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த நர்ஸைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொள்கிறார். அவர் வரிசையை விட்டு விலகாத வரையில், பெவன் திறந்து வைத்த கதவை யாரும் எளிதில் சாத்திவிட முடியாது.