உடைந்த வண்டியும் உரைக்க வேண்டிய உண்மையும்

என்னிடம் அரபி பயின்ற மாணவர் ஒருவர், வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியபின், வாடகைக்கு ஓட்டும் எண்ணத்துடன் பழைய கார் ஒன்றை வாங்கினார். வண்ணம் புதிது, விலையோ குறைவு. மூன்றாம் மாதத்தில் விளக்குகள் தாமே அணைந்தன. எஞ்சின் நடுவழியில் நின்றது. பட்டறையில் இருக்கைகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கியபோது, அடியில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கி, முழு இழப்பு எனக் காப்பீட்டுக் கணக்குத் தீர்க்கப்பட்ட வண்டி அது! விற்றவர் அதைச் சொல்லவில்லை.

"இழப்பென்று பணம் கொடுத்து முடித்த வண்டி மீண்டும் எப்படிச் சாலைக்கு வந்தது, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். அதற்கு விடை தேடப் புகுந்தால், வரலாறு நம்மைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கின்றது. காப்பீடு ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்கச் சட்ட ஆய்வு ஈண்டு நம் பொருளன்று. உடைந்த பொருளுக்கு உரியவர் யார், அதை விற்பவர் எதைச் சொல்லியாக வேண்டும் என்பதே நாம் காணவிருப்பது.

கப்பற் காப்பீட்டில் 'அவரேஜ்' என்றொரு சொல் உண்டு. சராசரி என்று நாம் இன்று கொள்ளும் பொருள் அதற்குப் பின்னர் வந்தது. முதற்பொருள், பயணத்தில் சரக்குக்கு நேர்ந்த சேதம் என்பதாகும். 'அவார்' என்னும் அரபிச் சொல் மத்தியதரைக் கடல் வணிகரின் வாய்மொழியாக இத்தாலியரிடம் 'அவாரியா' ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தை அடைந்தது என்பது சொல்லாய்வாளர் பலர் முடிபு. 'அவார்' என்றால் பழுது, குறை. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் எழுதியனுப்பிய ஜகாத் மடலில், வசூலிக்கத் தகாத பழுதுற்ற கால்நடையைக் குறிக்க இச்சொல்லே வருகின்றது.

பழுதுக்கு ஈடு கொடுத்தவர் எஞ்சியதற்கு உரியவராகலாம் என்பது கடல் வணிகத்தில் நிலைபெற்ற நெறி. 'லூட்டீன்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1799இல் பொன்னும் வெள்ளியும் சுமந்து சென்று ஹாலந்துக் கரையருகே மூழ்கியது. இலண்டன் லாயிட்ஸ் காப்பீட்டாளர் முழுத்தொகையையும் கொடுத்தனர்; ஆகவே கடலடியில் கிடந்த செல்வத்துக்கு அவர்களே உரிமை கோரினர். 1858இல் மீட்கப்பட்ட அக்கப்பலின் மணி இன்றும் லாயிட்ஸ் மண்டபத்தில் தொங்குகின்றது. இந்நெறியை 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடற்காப்பீட்டுச் சட்டம் எழுத்தில் வடித்தது; இந்தியாவில் 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பின்பற்றிற்று. கப்பல் மூழ்காவிடினும், செப்பனிடும் செலவு அதன் மதிப்பை விஞ்சுமாயின் முழு இழப்பாகக் கொள்ளலாம் என்பதும் அச்சட்டங்களில் உண்டு.

மோட்டார் வண்டி வந்தபோது, கடலின் கணக்கே சாலைக்கும் வந்தது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டு விதிகள், செப்பனிடும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பு என வரையறுத்தன. ஐந்து இலட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு நான்கு இலட்சம் செலவாகுமெனில், அது ஓடக்கூடியதாயினும் கணக்கில் இறந்ததே. நிறுவனம் தொகையைக் கொடுத்து, எஞ்சிய வண்டியை ஏலத்தில் விடும். அல்லது அதன் விலையைக் கழித்துக்கொண்டு உரியவரிடமே விட்டுவிடும். மாணவரின் கேள்விக்கு விடை இதுவே: இறந்தது கணக்கில் மட்டுமே, வண்டி கைமாறிக்கொண்டே இருக்கின்றது.

அவ்வாறு கைமாறுவது தீங்கன்று. சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் கதவும் விளக்கும் ரேடியேட்டரும் கியர்பெட்டியும் தனித்தனியே அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு வண்டியின் சாவு பத்து வண்டிகளுக்கு வாழ்வாகின்றது. புதிய உதிரிப்பாகம் வாங்க இயலாத ஏழை ஓட்டுநருக்கு அது பேருதவி.

தீங்கு விளைவது பழுதை மறைக்கும்போதுதான். வெள்ளநீர் புகுந்த மின்கம்பிகள் கழுவியபின் நலமாகத் தோன்றிப் பின்னரே அரிக்கும். ஒருமுறை வெடித்த காற்றுப்பை மறுமுறை காவாது. இன்னும் சிலர் உடைந்த காரை அதன் ஆவணங்களுக்காகவே வாங்கி, திருட்டுக் காரில் அதன் சேசிஸ் எண்ணைப் பொறித்து விற்கின்றனர்.

இவற்றைத் தடுக்கச் சட்டங்கள் மெல்லவே வந்தன. அமெரிக்காவில் ஒரு மாநிலம் பதிவுச் சான்றில் இட்ட பழுதுக்குறி, வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்ததும் மறைந்துவிடும். அதனைத் தடுக்க நாடளாவிய பதிவேட்டுக்கு 1992இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குத் தகவல் தரும் கடமை 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் நெடுங்காலம் சி, டி என்னும் குறிகள் செப்பனிடும் செலவைச் சொல்லினவேயன்றி, பழுதின் தன்மையைச் சொல்லவில்லை. 2017 அக்டோபரில் அவை நீங்கின. இன்று 'ஏ' எனில் வண்டி முழுதும் நசுக்கப்படும். 'பி' எனில் பாகங்களைக் கழற்றியபின் கூடு நசுக்கப்படும். 'எஸ்' எனில் சட்டகம் பழுதுற்றது. 'என்' எனில் சட்டகம் பழுதுறவில்லை. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டமும், நிலையாகப் பயனற்றுப்போன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்கப் பணிக்கின்றது.

இச்சட்டங்களெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்வது என்ன? பழுதைச் சொல்லி விற்பாயாக என்பதே. ஈரமான தானியத்தை அடியில் மறைத்த வணிகரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். மறைந்த குறையைக் கண்டவர் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் தனித் தலைப்பிட்டே பேசுகின்றன.

வாங்குவோருக்கும் விழிப்பு வேண்டும். இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே தங்கியிருக்கக் கூடும். சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். முன்பு இழப்பீடு பெறப்பட்டதா எனக் காப்பீட்டு நிறுவனத்தில் கேளுங்கள்.

அம்மாணவர் இறுதியில் அக்காரைப் பாகம் பிரிப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய செய்தியையும், எந்தெந்தப் பாகம் கெட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். கிடைத்தது சிறு தொகை. "சொல்லாமல் விற்றிருந்தால் நான் கொடுத்த விலையில் பாதியாவது தேறியிருக்கும் ஹஜ்ரத்; ஆனால் அதை வாங்குபவரும் என்னைப் போல் ஒருவர்தானே!" என்றார். அவருக்கு அரபி கற்பித்ததன் பயனை அன்று கண்டேன்.