லெமூரியா முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை: பிரிவுக்கு உயிரியல் வைத்த பெயர்கள்

லெமூரியா என்றதும் நமக்குக் குமரிக்கண்டமும் கடல்கோளும்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தச் சொல் பிறந்தது ஒரு விலங்கியல் புதிரில். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர்கள் மடகாஸ்கரில் இருக்கு. அவற்றின் சொந்தக்காரங்க ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கு. இந்தியச் சொந்தம் வேற யாரும் இல்லை, கடவூர், அய்யலூர் காடுகளில் ராத்திரி உலாவுற நம்ம தேவாங்குதான். நடுவில் இவ்வளவு கடல் இருக்கே, எப்படி? இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கணும் என்று முடிவு செய்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார்.

கேள்வி சரி, விடைதான் தப்பு. சொந்தக்கார உயிர்கள் ரெண்டு இடத்தில் இருந்தா, அதுக்கு ரெண்டு விதமா காரணம் சொல்லலாம். ஒண்ணு, உயிர் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் காலடி நிலம் பிளந்து போச்சு. இதற்கு விகேரியன்ஸ் என்று பெயர். 'பதிலாள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிளவுக்கு அந்தப் பக்கம் ஒரு இனம், இந்தப் பக்கம் அதன் இடத்தில் அதன் உடன்பிறப்பு. ரெண்டாவது, நிலம் ஏற்கனவே பிரிஞ்சு கிடக்கு, உயிர் எப்படியோ கடந்து போச்சு. இது டிஸ்பெர்சல், அதாவது பரவல்.

எது நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லாக் ஃபைல் பார்க்கிற மாதிரிதான், எது முதலில் நடந்தது என்று நேரத்தைப் பார்க்கணும். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். நமக்குக் கிடைத்திருக்கும் குரங்கினப் புதைபடிவங்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. ஆக லெமூர்களின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரத்தட்டைகளில் கடல் தாண்டி வந்திருக்கும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. லெமூரியாவுக்கு வேலையே இல்லை.

பிரிந்த பிறகு என்ன ஆகும்? அதற்கும் சொற்கள் உண்டு. எட்வர்ட் பூல்டன் 1904-ல் 'சிம்பேட்ரிக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். எர்ன்ஸ்ட் மையர் 1942-ல் அதற்கு எதிர்ச்சொல்லாக 'அலோபேட்ரிக்' என்பதைக் கொண்டு வந்தார. கிரேக்கத்தில் 'பாத்ரா' என்றால் தாய்நாடு. நம்ம மொழியில் ஓரூர், வேற்றூர் என்று சொல்லிடலாம். வேற்றூரில் தலைமுறை தலைமுறையாகக் கலக்காமல் வாழ்ந்தால் ஒரு இனம் ரெண்டாகும்.

இதற்கு உதாரணம் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வான இடைவெளி. அதற்கு வடக்கே நீலகிரிச் சோலைகளில் ஒரு நீலக் குருவி, தெற்கே ஆனைமலை, பழனிமலைச் சோலைகளில் அதன் உடன்பிறப்பு. குளிர்ந்த மலைக்காட்டில் வாழ்கிற குருவிக்கு வெப்பமான கணவாய் கடல் மாதிரி. 2017-ல் வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் இந்த ரெண்டுக்கும் 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினப் பெயரைத் தந்தார்கள். 'சோலையில் வாழ்வது' என்று பொருள். உலக அறிவியல் பெயரில் ஒரு தமிழ்ச் சொல்!

நிலம் பிளந்ததற்குச் சாட்சி வேணும்னா ஊதாத் தவளை இருக்கு. 2003-ல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசைட்டும் கேரளத்தில் கிடைத்ததை விவரித்தார்கள். இதன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு இந்தியாவில் இல்லை, சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கு. தவளையின் தோல் உப்புநீரைத் தாங்குவது கடினம், அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்திருக்க வாய்ப்பு குறைவு. சீஷெல்ஸும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தது உண்மை. ஸ்கிளேட்டரின் தர்க்கம் லெமூருக்குப் பொருந்தலை, தவளைக்குப் பொருந்துது. ஆனா மூழ்கிய கண்டம் இல்லை, நகர்ந்த கண்டம்.

அந்த ஒரே நிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து வந்த சொல். அது உடையத் தொடங்கிய காலத்தை நேரில் பார்க்க மடகாஸ்கர் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் போதும்.

கார் கம்பெனிகளும் போன் கம்பெனிகளும் நிற்கிற இந்த வட்டாரத்தின் அடியில் களிப்பாறையும் மணற்பாறையும் கொண்ட படிவுகள் இருக்கு. நிலவியலில் அதன் பெயரே ஸ்ரீபெரும்புதூர் படிவுதான். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பாறைகளை ஆய்வு செய்தார். ஒட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் இதன் தாவரப் புதைபடிவங்களை 1879-ல் விவரித்தார். முக்கியமானது டிலோஃபில்லம். இப்போ கம்பெனி வாசல்களில் அழகுக்கு வைக்கிற சைக்கஸ் மாதிரி இலை, ஆனா வேறு குடும்பம், எப்போதோ அழிந்துபோனது. இது கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதி. இதே படிவுகளில் கடல் உயிரிகளின் ஓடுகளும் இருக்கு. அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த நம்ம கிழக்குப் பக்கம் விலகி, அந்த இடைவெளியில் கடல் புகுந்த காலத்தின் பதிவு இது. விகேரியன்ஸ் என்ற சொல்லின் பொருள் பாறையாகக் கிடக்கு.

திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களுக்குத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற தகுதி உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு இல்லை. லெமூரியாவுக்காக நூறு வருஷமா சண்டை போட்டிருக்கோம், நிஜமாகவே பிரிந்த நிலத்தின் சாட்சி மேல கான்கிரீட் ஊத்துறோம். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல வரலை, அதுதான் இங்க பலருக்குச் சோறு. அஸ்திவாரம் தோண்டும்போது வெளிர்நிறக் களிப்பாறையில் இலை அச்சு தெரிஞ்சா, ஒரு படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறிச்சு, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ ஒரு பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ அனுப்புங்க. குழியை மூடிட்டா அந்தப் பக்கம் திரும்பக் கிடைக்காது.