கடன் நிபந்தனையும் முந்த்ரா மீனவர்களும்

பன்னாட்டுக் கடன்களில் மானியக் குறைப்பு போன்ற நிதி நிபந்தனைகளை மீறினால் அடுத்த தவணை நின்றுவிடும். மக்களைக் காக்கும் நிபந்தனைகளுக்கு அத்தகைய பல் இல்லை.

குஜராத் மாநிலம் முந்த்ராவில் டாடா அனல்மின் நிலையத்திற்கு, உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 2008இல் 45 கோடி டாலர் கடனளிக்க ஒப்புக்கொண்டது. சுற்றுச்சூழல், சமூகப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டுமென ஒப்பந்தத்திலேயே இருந்தது. நிலையத்தின் வெந்நீரால் மீன்வளம் குன்றியதாக மீனவர்கள், பெரும்பாலும் வாகேர் முஸ்லிம்கள், முறையிட்டனர். கழகத்தின் குறைதீர் அமைப்பே 2013இல் கண்காணிப்புக் குறைகளைச் சுட்டியது. கடன் நிறுத்தப்படவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை கழகமும் நிறுவனமுமே. பாதிக்கப்பட்டோர் அதில் தரப்பினர் அல்லர். இருப்பினும் அதன் பயனாளிகள் என்ற முறையிலும் உரிமை கோரி, 2015இல் அவர்கள் வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தனர். 1945ஆம் ஆண்டுச் சட்டம் தனக்கு முழு விலக்களிப்பதாகக் கழகம் வாதிட்டது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அதை மறுத்தது. அயல்நாட்டு அரசுகளுக்குள்ள வரம்புக்குட்பட்ட விலக்கே உண்டு என்றது.

இத்தீர்ப்பை மீனவர்களின் வெற்றியாக மட்டும் மேற்கோள் காட்டுவது அரைகுறை. வழக்கின் அடிப்படை நிகழ்வுகள் இந்தியாவில் நடந்தவை எனக் கூறிக் கீழமை நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது; மேல்முறையீட்டிலும் 2021இல் அம்முடிவே உறுதியானது. இழப்பீட்டுக் கோரிக்கை விசாரணைக்கே வரவில்லை.