‘கே’ போட்ட சட்டை

எங்கள் மாஸ்டரின் அளவு நோட்டில் சில பெயர்களுக்கு எதிரே ‘கே’ என்று ஓர் எழுத்து இருக்கும். 1971-ல் கோவை கோட்டைமேட்டில் அவர் தையல் கடைக்குக் காஜாப் பையனாகப் போனபோது எனக்குப் பதிமூன்று வயது. அது ஏதோ துணி ரகம் என்று நினைத்துக்கொண்டேன். நோன்பு இருபத்தெட்டு ஆன ராத்திரிதான் விஷயம் புரிந்தது. ‘கே’ என்றால் கேரளா. அந்தத் துணியெல்லாம் முதலில் மெஷினில் ஏற வேண்டும். கேரளத்துக்காரர்களுக்குப் பெருநாள் ஒரு நாள் முந்தி வந்தாலும் வரும்.

நோன்பு இருபத்தொன்பதா முப்பதா என்பது இருபத்தொன்பதாம் நாள் மஃரிபு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. தலைப்பிறை மேற்கே, தரையை ஒட்டி, கொஞ்ச நேரம் நின்று இறங்கிவிடும். கோவைக்கு மேற்கே மலை. கோழிக்கோட்டுப் பக்கம் கப்பாடு கடற்கரையில் நிற்பவனுக்கு எதிரே கடல்தான். சூரியன் அங்கே எங்களைவிடச் சில நிமிஷம் பிந்தி அடைவதால் பிறைக்கும் அவ்வளவு வயது கூடும். அங்கே கண்டால் அங்குள்ள காஜிகள் அறிவித்துவிடுவார்கள். நமக்கோ சென்னையிலிருந்து அரசுத் தலைமைக் காஜி சொல்ல வேண்டும். காஜிகளை நியமிப்பதற்கு வெள்ளைக்காரன் 1880-லேயே சட்டம் போட்டிருக்கிறான். பிறைக்கு யார் சட்டம் போடுவது?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக எத்தனை காலமாகவோ ஆட்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். டீக்கடை, பேக்கரி, பலசரக்கு என்று ஊர் முழுக்க மலையாளத்துக்காரர்கள். 1956 வரைக்கும் பாலக்காடும் கோவையும் ஒரே மாநிலம். மாஸ்டரின் பழைய நோட்டுகளில் ‘கே’ கிடையாது, ‘பா’ என்றுதான் இருக்கும். மாநிலம் பிரிந்த பிறகு எழுத்தை மாற்றிக்கொண்டார்.

கோட்டைமேட்டில் இன்றைக்குக் கோட்டை இல்லை. 1791-ல் மைசூர்ப் போரில் கும்பினிக்காரர்கள் கையில் இருந்தபோது திப்புவின் படை முற்றுகை போட்ட இடம். பிறகு கோட்டையை இடித்துவிட்டார்கள், பேர் மட்டும் நிற்கிறது. இங்கே வந்து சேர்ந்தவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. குதிரையால் பெயர் பெற்ற எங்கள் ராவுத்தர்மார், வீட்டில் உருது பேசுபவர்கள், மலையாளத்து மாப்பிள்ளைமார், ஒப்பணக்காரத் தெருவில் தங்கள் தொழிலின் பெயரிலேயே பள்ளிவாசல் எழுப்பிய அத்தர் வியாபாரிகள். பெருநாள் அன்றைக்குத் தெருவில் நின்றால் தையலைப் பார்த்தே யார் எவர் என்று சொல்லிவிடலாம். உருதுக்காரர் பைஜாமா ஜுப்பா கேட்பார். எங்கள் ஆட்களுக்கு வெள்ளைச் சட்டையும் கைலியும் போதும். மாப்பிள்ளைமார் வேட்டியை இடப்பக்கம் உடுத்துவார்கள்.

தொழுகையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ராவுத்தர்மார் ஹனஃபி, பெருநாள் தொழுகையில் கூடுதல் தக்பீர் ஆறு. ஷாஃபிகளுக்கு முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து. ஒரு வருஷம் விடிய விடியத் தைத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் பக்கத்திலிருந்த ஷாஃபி பள்ளிக்குள் நுழைந்துவிட்டேன். மூன்றாவது தக்பீரோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், சுற்றிலும் எல்லோரும் மறுபடியும் கை உயர்த்துகிறார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் சலாம் கொடுத்த பிறகு, “என்ன தம்பி, காஜா எண்ணிக்கை தப்பிப் போச்சா?” என்றார்.

பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. 1972-லும் 1973-லும் தீபாவளியும் பெருநாளும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. தீபாவளி அமாவாசையை ஒட்டியது, பெருநாள் அமாவாசை கழிந்து பிறை தெரிந்த மறுநாள். ஒரே மாசத்தில் விழுந்தால் இரண்டு மூன்று நாள்தான் இடைவெளி. கடையில் துணி கூரை வரைக்கும் குவிந்தது. தீபாவளித் துணி கொடுத்து முடித்த கையோடு ‘கே’, அதற்கப்புறம் எங்கள் ஆட்கள். அதே கூத்து 2004, 2005, 2006 மூன்று வருஷமும் திரும்பி வந்தபோது கடை என் பேரில் இருந்தது. மாஸ்டர் மௌத்தாகி வெகுகாலம்.

நடுவில் ஒரு பெருநாளைச் சொல்லாமல் விட முடியாது. 1997 நவம்பர் கடைசியில் ஊரில் கலவரம். நோன்பு முடிந்து பெருநாள் 1998 ஜனவரி 30-ல். அந்த மாசம் வெளியிலிருந்து ஓர் ஆள்கூட அளவு கொடுக்க வரவில்லை. நோட்டில் ‘கே’ எதுவும் இல்லை. பெருநாள் ராத்திரி பத்து மணிக்கே தூங்கிவிட்டேன், தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக. பதினைந்தாம் நாள், பிப்ரவரி 14, குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு சில வருஷம் எங்கள் தெருவுக்கு வருவதற்கே ஆட்கள் யோசித்தார்கள்.

இப்போது எல்லாம் ரெடிமேட். பிறை ராத்திரியில் பேண்ட்டுக் கால் குட்டை பண்ணத்தான் வருகிறார்கள். பிறைச் செய்தி வாட்ஸப்பில் முதலில் வந்துவிடுகிறது, பொய்ப் பிறையும் சேர்த்து. சவூதிப் பிறையைக் கணக்கில் எடுப்பவர்களும் ஊரில் உண்டு. ஒரு வருஷம் ஒரே தெருவில் மூன்று பெருநாள்.

மகளைப் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் ராவுத்தர்மார்தான், வீட்டில் தமிழ்தான், பிறை மட்டும் கேரளப் பிறை. ஒரு வருஷம் அவளுக்குப் பெருநாள், எங்களுக்கு முப்பதாம் நோன்பு. மத்தியானம் பிரியாணிப் படம் அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, “தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்கறேன், அத்தாகிட்ட மட்டும் அனுப்புறதுதானே?” என்று போனைத் தள்ளி வைத்தாள்.

பேரனுக்கு மட்டும் ஜுப்பா நான்தான் தைக்கிறேன். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘கே’ போட்டிருக்கிறது.