‘அன்ரீசனபிள்’ என்னும் அடைமொழி: பொருளும் வழக்கும்

ஆங்கிலத்தில் ‘அன்ரீசனபிள்’ என வழங்கும் அடைமொழியைத் தமிழாக்குவோர் ‘காரணமற்ற’ என்றும் ‘நியாயமற்ற’ என்றும் இருவகையாக எழுதுகின்றனர். இவ்விரண்டும் ஒருபொருட் சொற்கள் ஆமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இதன் பகுதியாகிய ‘ரீசன்’ பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புக்க இலத்தீன் சொல். ‘ரேஷியோ’ என்னும் அம்மூலம் கணக்கிடுதலைக் குறிப்பது. தமிழில் ‘எண்ணுதல்’ கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே உணர்த்துதல் ஒப்புநோக்கத் தக்கது. காரணம் இல்லாமை வேறு. உள்ள காரணத்தை அளந்து எண்ணாமை வேறு. முன்னதற்கு ‘ரீசன்லெஸ்’ என்னும் தனிச்சொல் ஆங்கிலத்தில் உண்டு. பின்னதே நாம் எடுத்துக்கொண்ட சொல்லின் சிறப்புப்பொருள்.

இதற்குச் சென்னையில் எழுந்த வழக்கொன்று சான்றாகும். 1950-இல் சென்னை அரசு மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டத்துக்கு மாறானதென அறிவித்தது. வி. ஜி. ராவ் அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசின் மேல்முறையீட்டை 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. தீர்ப்பை வழங்கியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியார். அரசு காரணம் கூறாமல் இல்லை. பொது அமைதிக்கு ஊறு என்றே கூறியது. ஆயினும், அக்காரணங்களை நீதிமன்றம் ஆராய்வதற்குச் சட்டம் இடந்தரவில்லை. தடை எய்த விரும்பும் பயனுக்கு மிகையானதா என்பதையும் நோக்கல் வேண்டும் எனத் தீர்ப்பு வரையறுத்தது. காரணம் உண்டு, நியாயம் இல்லை என்பதே அதன் சாரம்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நிலையும் இதுவே. பொற்கொல்லன் மொழியும் கோவலன் கைச்சிலம்பும் அவனுக்குக் காரணங்களாயின. ஆராய்ச்சி ஒன்றே இல்லையாயிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1953-இல் தொழில் தகராறுச் சட்டத்திற் சேர்க்கப்பெற்ற 25-எஃப் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணிசெய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யுங்கால், காரணம் குறித்த ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ வேண்டும் என வகுத்தது. உடுமலை நூற்பாலையிலோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ பணிநீக்க ஆணை பெற்றவன், அது ‘காரணமற்றது’ என முறையிட்டால், ஆணையில் எழுதிய காரணத்தைக் காட்டி முதலாளி விடை கூறிவிடுவார். ‘நியாயமற்றது’ என்றாலோ, அக்காரணம் தகுமா என்னும் வினா எஞ்சி நிற்கும்.

ஆதலின் சட்டத்தமிழில் ‘நியாயமற்ற’ என்பதே கொள்ளற்பாலது. ‘காரணமற்ற’ என்பது ‘ரீசன்லெஸ்’ என்பதற்கே உரித்தாதல் தகும் என்பது எம் துணிபு.